ஒருத்தருக்கு ஒரு தப்பு

“…அதனாலதான் சொல்றேன் டீச்சர், ஒருத்தருக்கு ஒண்ணு. ரெண்டு வச்சா நம்மளத் திட்டுவாங்க. ஒண்ணுமே வைக்கலன்னா லெட்டரத் திட்டுவாங்க.”

இப்படிச் சொல்லிவிட்டு அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, டீச்சர் நீட்டிய நாலு பக்க அறிக்கையைக் கையில் வாங்கினார். வாங்கி அடுத்து என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் அந்தம்மா மேல் உங்களுக்கு ஒரு மாதிரியான எண்ணம் வந்துவிடும். முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகம். அதில் தேர்வுப் பிரிவு. நான் அங்கே அலுவலக உதவியாளர். பேர்தான் உதவியாளர், வேலை என்னவோ நடப்பதுதான். ஒரு கடிதம் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் அதற்கு டிராஃப்ட் எழுத வேண்டும். அந்தம்மா எங்கள் பிரிவின் அசிஸ்டெண்ட், அவர் எழுதுவார். அது சூப்பிரண்டு மேசைக்குப் போகும். அங்கேயிருந்து உதவிப் பதிவாளர், எங்கள் வாயில் ஏ.ஆர். அதற்கப்புறம் துணைப் பதிவாளர், டி.ஆர். மூன்று பேரும் பார்த்து, திருத்தி, கையெழுத்துப் போட்டால்தான் அது திரும்பி வந்து நல்ல தாளில் அச்சாகி வெளியே போகும். அந்த மூன்று மேசைகளுக்கும் நடுவே தேய்ந்தது என் செருப்பு. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச இங்கிலீஷும் அந்த நீள வராந்தாவில் கோப்பைத் திறந்து படித்துக்கொண்டே நடந்ததில் ஒட்டிக்கொண்டதுதான்.

அப்படிப் படித்ததில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தம்மாவின் டிராஃப்ட் எதை எடுத்தாலும் அதில் மூன்று தப்பு இருக்கும். நாலு இருக்காது, இரண்டும் இருக்காது. ‘சார்’ என்று ஆரம்பித்த இடத்தில் கமா இருக்காது. சூப்பிரண்டு அந்தக் கமாவைப் போடுவார், கல்யாணப் பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து. ஏ.ஆர். மரியாதைப் பிரியர். ‘கைண்ட்லி’ இல்லாத வாக்கியம் அவருக்குச் செருப்போடு பூஜையறைக்குள் வந்த ஆள் மாதிரி. அந்தம்மாவின் டிராஃப்டில் ஒரே ஒரு இடத்தில் ‘கைண்ட்லி’ விட்டுப்போயிருக்கும். டி.ஆருக்கு ஸ்பெல்லிங். ‘ரிசீவ்டு’ என்ற சொல்லில் நடுவில் இரண்டு எழுத்து இடம் மாறி உட்கார்ந்திருக்கும். டி.ஆர். பச்சை மையால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

“நானும் வந்த நாள்லேர்ந்து சொல்லிக் குடுக்குறேன்யா. இந்தம்மாவுக்கு ஏற மாட்டேங்குது.”

சலிப்பே இருக்காது அந்தக் குரலில். பெற்ற பிள்ளை மூன்றாவது தடவை ஃபெயிலானதைச் சொல்லும் செல்லம் இருக்கும். நான் கோப்பைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததும் அந்தம்மா வட்டத்தைப் பார்த்து, “அல்லாவே, மறுபடியுமா” என்பார், பக்கத்து மேசைக்குக் கேட்கிற மாதிரி.

ஒரு நாள் என் மகள் ஹாஸ்டலுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அந்தம்மாவிடம் கேட்டேன். பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன். கமா இருந்தது, ‘கைண்ட்லி’ இருந்தது, ‘ரிசீவ்டு’ பிசகாமல் இருந்தது. மறுநாள் காலையில் போய், என்ன மேடம் இது என்று கேட்டேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர், என்னை அண்ணே என்பார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கண்டுபிடிச்சிட்டீங்களா அண்ணே. வெளிய சொல்லிறாதீங்க. அவங்க மனசு கஷ்டப்படும்.”

அப்புறம்தான் கதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தம்மாவும் தப்பில்லாமல்தான் எழுதிக்கொண்டிருந்தாராம். அப்போதிருந்த டி.ஆர். வெளி மாவட்டத்துக்காரர். குடவாசலில் ஒரு தேர்வு மையத்துக்கு அவசரக் கடிதம். அந்தம்மா எழுதியதில் அவர் தேடித் தேடிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. பேனா மூடியைத் திறந்தாகிவிட்டது. கடைசியில், குடவாசல் என்று ஓர் ஊர் இருக்க முடியாது என்று முடிவு செய்து, அதை அடித்துவிட்டுக் கொடைக்கானல் என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடிதம் மலையேறிப் போய்ப் பத்து நாள் குளிர் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தது. மெமோ யாருக்கு என்று கேட்காதீர்கள். டிராஃப்ட் எழுதியவருக்குத்தான்.

“படிச்சவங்க பேனா மூடியத் தொறந்துட்டா சும்மா மூடத் தெரியாது அண்ணே” என்றார் அந்தம்மா. “எங்க தொடணும்னு நாமதான் இடம் காட்டணும்.”

இந்த வித்தை ஆபீஸில் கற்றதில்லை, நாகூரில் மாமியார் வீட்டு அடுப்படியில் கற்றது. கல்யாணமாகிப் போன புதிதில் என்ன ஆணம் வைத்தாலும் (குழம்பை அங்கே ஆணம் என்பார்கள்) மாமியார் ஒரு வாய் போட்டுப் பார்த்து, புளி, காரம், தேங்காய் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்வாராம். ஒரு நாள் கைமறதியாக உப்பு குறைந்துவிட்டது. மாமியார் எழுந்து போய்த் தன் கையால் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினார். அன்றைக்குப் புளியும் சரியாக இருந்தது, காரமும் சரியாக இருந்தது, தேங்காயும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு மாமியார் கண் மூடும் வரைக்கும் அந்த வீட்டில் ஆணத்துக்கு உப்பு ஒரு சிட்டிகை குறைவுதான்.

நான் என் பங்குக்கு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அம்மா களையெடுப்புக்குப் போனவர். ஒரு மிராசுதார் இரண்டாவது களைக்குத் தேவையில்லாமல் ஆளை இறக்கிவிட்டார். வயலில் ஒரு களை கிடையாது. மேலே வரப்பில் குடை பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். கை சும்மா இருந்தால் கத்துவார். எல்லாரும் குனிந்தபடியே பயிரை ஒன்றிரண்டாகப் பிடுங்கினார்கள். அந்தம்மா இதைக் கேட்டு அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். அன்றிலிருந்து டிராஃப்டை என் கையில் கொடுக்கும்போதெல்லாம், “களை வச்சிருக்கேன் அண்ணே, பயிர் பத்திரம்” என்பார்.

ஆனால் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பேர், நம்பர், தேதி. இந்த மூன்றில் விளையாட்டே கிடையாது. டிராஃப்டை முடித்ததும் ஆள்காட்டி விரலை வைத்து அந்த மூன்றை மட்டும் மூன்று தடவை பார்ப்பார், உதடு அசைய. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

பழைய ஏ.ஆர். ஒருவர் இருந்தார், ‘தி’ பைத்தியம். உரம் தெளிக்கிற மாதிரி வாக்கியமெல்லாம் ‘தி’யைத் தூவுவார். அவருடைய பிரிவுபசாரத்தில் கண் கலங்கிப் போய், நான் போன பிறகு இந்தம்மாவுக்கு யார் ‘தி’ போட்டுக் கொடுப்பார்கள் என்று பேசி, ஒரு தடியான இலக்கணப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார். அந்தம்மாவும் கண் கலங்கித்தான் வாங்கிக்கொண்டார். அது நடிப்பில்லை, நான் பக்கத்தில் நின்றேன். புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டார். பிறகொரு நாள் அதைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: “நல்ல மனுஷன் அண்ணே. இதுல புதுப்புதுத் தப்பா எவ்வளவு இருக்கு தெரியுமா.”

அந்தப் புத்தகம் உடனே பயன்பட்டது. புது ஏ.ஆர். வந்ததும், புது மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று பார்க்கிற மாதிரி, ஒரு வாரம் தினமும் ஒரு வகைத் தப்பாக வைத்து அனுப்பினார். எந்த மேசையில் எது திருத்தப்பட்டது என்று வந்து சொல்வது என் வேலை. வியாழக்கிழமை ‘கைண்ட்லி’ இல்லாமல் போனது. ஏ.ஆர். அதைச் சேர்த்து, போதாதென்று அடுத்த வரியிலும் ஒன்று சேர்த்து, நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். வந்து சொன்னேன். “அமைஞ்சிடுச்சு” என்றார் அந்தம்மா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் பயிற்சி வந்து சேர்ந்தது.

ஆபீஸ் ஊழியர்களுக்கு ஆங்கில இலக்கணமும் கடிதம் எழுதுவதும், ஐந்து நாள் வகுப்பு. வெளியூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நாற்பது வயதிருக்கும், கலகலப்பான ஆள். எல்லாரும் ஆளுக்குப் பத்துப் பழைய டிராஃப்ட் கொண்டுவர வேண்டும் என்றார். திருத்தியதோடு. மறுநாள் பட்டியல் போட்டார். அந்தம்மாவுக்கு முப்பது தப்பு. முதல் இடம். வகுப்பே சிரித்தது. நேற்று வந்த ஜூனியர் பையன்கூட ஏழு தப்புதான். டீச்சர் அதட்டவில்லை, முதல் வரிசைக்கு வரச் சொன்னார். ஆனால் ஒரு வார்த்தை சொன்னார். “இவ்வளவு ஒழுங்கா, ஒரே இடத்துல, ஒரே அளவா தப்பு பண்ற ஆளை நான் பாத்ததே இல்ல மேடம்.” பின் வரிசையில் உட்கார்ந்திருந்த சூப்பிரண்டு பெருமையாகத் தலையாட்டினார், ஏதோ தன் வளர்ப்பைப் புகழ்ந்த மாதிரி.

அந்தம்மாவும் எல்லாரோடும் சேர்ந்துதான் சிரித்தார். அன்று மத்தியானம் மட்டும் குழாயடியில் டிபன் டப்பாவை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு டப்பாதான்.

ஏன் என்றால், இந்த வகுப்பு வெறும் வகுப்பில்லை. சூப்பிரண்டு ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலிக்கு வரிசையில் முதல் ஆள் அந்தம்மா. வகுப்பு முடிந்து ஒரு மாதத்தில் டீச்சர் திரும்ப வருவார். ஒவ்வொருவரும் அதற்குள் எழுதி, மூன்று கையெழுத்தும் வாங்கிய டிராஃப்டில் பத்தைப் பார்ப்பார். பத்தும் சுத்தமாக இருந்தால் தேறியவர் பட்டியலில் பேர். பேர் இருந்தால்தான் நாற்காலி. இல்லையென்றால் அந்த ஏழு தப்புப் பையனுக்குக் கீழே இவர் டிராஃப்ட் எழுத வேண்டும், ஓய்வு பெறும் வரைக்கும்.

அந்தம்மா முடிவெடுத்தார். களை இல்லாமல் எழுத ஆரம்பித்தார். அவர் மட்டுமா? பயிற்சி நல்ல பயிற்சி, எல்லாப் பிரிவிலும் எல்லாரும் சுத்தமாக எழுத ஆரம்பித்தார்கள். அத்தோடு ஆபீஸ் நின்றது.

நான் மிகைப்படுத்தவில்லை, நடந்தவன் சொல்கிறேன். சூப்பிரண்டு ஒரு கடிதத்தை முக்கால் மணி நேரம் கையில் வைத்திருந்தார், கமா போட இடமில்லாமல். ஏ.ஆர். வரிக்கு வரி அடிஸ்கேல் வைத்துப் படித்தார். டி.ஆர். ஓரத்தில் ‘ஸ்பீக்’ என்று பச்சையில் எழுதித் திருப்பினார். ஸ்பீக் என்றால் நேரில் வந்து பேசவும். போனால் பேச ஒன்றும் இருக்காது. “எல்லாம் சரியா இருக்கே, அதான் என்னன்னு கேக்கலாம்னு” என்பார். இரண்டு நாளில் போக வேண்டியது எட்டு நாளானது. மூன்று மேசையிலும் கோப்பு மடை அடைத்த வாய்க்கால் மாதிரி எழும்பி நின்றது. எப்படியோ தள்ளாடித் தள்ளாடி அந்தம்மாவின் ஒன்பது டிராஃப்ட் சுத்தமாகக் கரையேறிவிட்டது.

பத்தாவது, டீச்சர் திரும்பி வந்த அன்றைக்கு விழுந்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அப்பாவோடு காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெளிநாட்டில் ஓர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் பட்டம் எங்கள் பல்கலைக்கழகம் கொடுத்ததுதான் என்று நாங்கள் மெயில் அனுப்ப வேண்டும். அன்றைக்கு ஐந்து மணிக்குள் போகவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். அப்பா சம்பா நடவைப் பாதியில் விட்டு வந்தவர், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. நாலே வரிக் கடிதம். அந்தம்மா பத்து மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார், கண்ணாடி மாதிரி.

பன்னிரண்டுக்கு ஏ.ஆரிடமிருந்து திரும்பி வந்தது, ஸ்பீக். போய்ப் பேசினார். இரண்டரைக்கு டி.ஆரிடமிருந்து திரும்பி வந்தது, பழைய கோப்போடு ஒப்பிட்டு வைக்கவும். ஒப்பிட்டு வைத்தார். மூன்றுக்கு மறுபடியும் ஸ்பீக். டி.ஆர். மூன்றரைக்குத் திருச்சிக் கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று டிரைவரைக் கூப்பிட்டுச் சொல்லியாகிவிட்டது. மூன்றே கால். பெண் அழவில்லை. போனை எடுத்து மணி பார்ப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தாள். அவள் அப்பா என்னிடம் வந்து, “நாங்க எதாவது தப்பாக் குடுத்துட்டமாங்க?” என்று கேட்டார்.

எதிர் மேசையில் டீச்சர் உட்கார்ந்து ஒவ்வொருவர் டிராஃப்டாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பெஞ்சை ஒரு தடவை பார்த்தார். பிறகு கீபோர்டை இழுத்து, கமாவை எடுத்தார், ‘கைண்ட்லி’யை எடுத்தார், ‘ரிசீவ்டு’வில் இரண்டு எழுத்தை மாற்றினார். பேர், நம்பர், தேதி மூன்று தடவை விரல் வைத்துப் பார்த்தார். அச்செடுத்து என் கையில் வைத்தார்.

“ஓடுங்க அண்ணே.”

ஓடினேன். சூப்பிரண்டு பார்த்தார், முகம் மலர்ந்தது, கமா போட்டார். ஏ.ஆர். ‘கைண்ட்லி’ போட்டார். டி.ஆர். பையை மாட்டிக்கொண்டு எழுந்தவர் நின்று, பச்சை வட்டம் போட்டார்.

“ஒரு மாசம் நல்லா இருந்துது. பழைய குணம் திரும்பிடுச்சு பாரு” என்றார். என்ன ஒரு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு.

மூன்று மேசையும் பதினோரு நிமிஷம். மூன்றே முக்காலுக்கு முன் மெயில் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததென்று பதிலும் வந்தது. அப்பாவும் பெண்ணும் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டீச்சர் எழுந்து வந்தார். அவர் கையில் அந்தப் பத்தாவது டிராஃப்ட். காலையில் வந்தபோது அதே கடிதத்தின் சுத்தமான பிரதியையும் பார்த்திருக்கிறார்.

“ஒரு தப்பும் இல்லாம இருந்ததுல நீங்களே மூணு தப்பு வச்சிருக்கீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். பட்டியல்ல நான் என்ன மேடம் எழுதறது?”

அந்தம்மா டீ வரவழைத்தார். குடவாசலில் ஆரம்பித்து மாமியார் உப்பு, என் அம்மா களை எல்லாம் சொன்னார். டீச்சர் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து தேறியவர் பட்டியலில் ஏழாவதாக ஒரு பேரைச் சேர்த்தார். பயிற்சி அறிக்கை நாலு பக்கத்தையும் அச்செடுத்தார்.

“நாலு தடவ படிச்சிட்டேன். ஒரு தப்பு கிடையாது. சூப்பிரண்டு, ஏ.ஆர். ரெண்டு பேர்கிட்டயும் காட்டிக் கையெழுத்து வாங்கிட்டா நான் பஸ்ஸப் பிடிச்சிடுவேன். டி.ஆர். திருச்சிலேர்ந்து வந்து நாளைக்குப் பார்க்கட்டும்.”

“ஒண்ணுகூடவா கிடையாது?” என்றார் அந்தம்மா. தப்பில்லாத நாலு பக்கம், திறந்த பச்சைப் பேனா, இங்கிலீஷ் ஏறவே ஏறாது என்று டி.ஆர். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் ஆளின் பேர் ஏழாவதாக. அவர் எந்தப் பயிரில் கை வைப்பார் என்று சொல்ல வேண்டுமா?

அப்போதுதான் நான் முதலில் சொன்ன பேச்சைச் சொன்னார், ஒருத்தருக்கு ஒண்ணு என்று. டீச்சர் தயங்கினார். “நான் இங்கிலீஷ் டீச்சர் மேடம். என் கையால தப்பு வைக்க மாட்டேன்” என்றார்.

“உங்க கை வேணாம்” என்றார் அந்தம்மா.

அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் பக்கத்தில் ‘சார்’ பக்கத்திலிருந்த கமாவை எடுத்தார். இரண்டாவது பக்கத்தில் ஒரு ‘கைண்ட்லி’. மூன்றாவதற்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டார். பக்கத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் பட்டியலில் ஆறாவது பேருக்கும் ஏழாவது பேருக்கும் நடுவில் போய் நின்றார். ஆறாவது ஆளின் பதவிப் பேரில், பார்த்ததும் கண்ணில் குத்துகிற மாதிரி, இரண்டு எழுத்தை இடம் மாற்றினார். பிறகு ஏழாவது வரியில் ஆள்காட்டி விரலை வைத்து, தன் பேர், தன் பணியாளர் நம்பர், தேதி மூன்றையும் மூன்று தடவை, உதடு அசைய, படித்துப் பார்த்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தார்.